லிஸ்ட்டில் இல்லாத ஸ்டாப்

என் வீட்டுக்காரருடைய அண்ணனைப் பழிவாங்க எனக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது. அவர் என்னை அடித்ததில்லை, வைததில்லை, பாகப்பிரிவினையில் வஞ்சனை செய்ததில்லை. ஒரு நாள் வேனை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருக்கும். இருக்கட்டும். அந்த வேனுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான்.

வீட்டுக்காரரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மூத்தார் என்போம். நேரில் மாமா. என் மூத்தார் ரிட்டையர் ஆகும்வரை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிவைத்து, கிளம்பாமல் நிற்கிற டிரைவரை விசில் ஊதித் துரத்துகிற வேலை. அந்த வேலை அவரோடு கூடவே வீட்டுக்கும் வந்துவிடும். குளிக்கப் போனவள் வெளியே வர நேரமானால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமுவார். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்று நிஜமாகவே விசில் அடிப்பார். குடும்பத்தோடு எங்கே போவதென்றாலும் எங்கெங்கே நிற்பது, எத்தனை நிமிஷம் நிற்பது என்று முதல் நாளே எழுதிவிடுவார். கார்பன் வைத்து மூன்று காப்பி. ஒன்று டிரைவருக்கு, ஒன்று அவர் சட்டைப் பைக்கு, ஒன்று என் வீட்டுக்காரருக்கு. அந்த மூன்றாவது காப்பி எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அண்ணன் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

எனக்கு இரண்டாவது பிரசவம் ஆகி நாலாவது மாசம் அந்தப் பயணம் வந்தது. சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி வழியாகப் போய், தரங்கம்பாடியில் கடலைப் பிடித்து, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்று கரையோரமாகவே இறங்குகிற பாதை. அதுவரை நான் கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், பள்ளிக்கூடத்து டூரில். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே என் பேச்செல்லாம் கடலாக இருந்தது.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மூத்திரத்தை அடக்க முடியாமல் போயிருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பது வயசு ஆகவேண்டியிருக்கிறது, பாருங்கள். தும்மினால் போய்விடும். முட்டிக்கொண்டு வந்தால் ஐந்து நிமிஷம் தாங்காது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆறாவது மாசம் சரியாகவும் ஆனது. வேன் நாலாவது மாசத்திலேயே கிளம்பிவிட்டது.

சீர்காழியில் டீக்கு எட்டு நிமிஷம். அங்கே கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை நின்றது. என் முறை வருவதற்குள் விசில் வந்துவிட்டது. தாங்கிவிடும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தாங்காது என்று தெரிந்துபோயிற்று.

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மருமகள்கள் மூத்தாரிடம் நேராகப் பேசுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறவும் இல்லை. நான் கடைசி சீட்டில் இருந்தேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முன்னால் எக்கி என் ஓரகத்தியிடம் சொன்னார். ஓரகத்தி என்றால் மூத்தாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். அக்கா எழுந்துபோய் டிரைவர் பக்கத்தில் இருந்த மூத்தாரின் காதில் சொன்னார். பதில் அதே வழியில் சீட்டு சீட்டாகத் திரும்பி வந்தது.

"அடுத்த ஸ்டாப்பு தரங்கம்பாடியாம். அங்க பாத்துக்கலாம்னு சொல்றாரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொல்லியனுப்பினேன். பொறுத்துக்கச் சொல்லு என்று வந்தது. அப்புறம் ஒரு பாலத்தில் ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருந்தது. வேன் நின்றுவிட்டது. முன்னால் பதினைந்து வண்டிகளுக்குக் குறையாது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கருவேல மரங்கள் நல்ல அடர்த்தியாக இருந்தன. இறங்கி, மறைவாகப் போய்விட்டு, நிதானமாகத் திரும்பி வரலாம். மூன்றாவது தடவையாகக் கேட்டனுப்பினேன். இந்தத் தடவை பதிலைச் சுமந்துவர யாரும் தேவைப்படவில்லை. மூத்தார் திரும்பாமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இது ஸ்டாப்பு இல்ல. லிஸ்ட்டுல இல்லாத எடத்துல ஒருத்தர எறக்கிவுட்டா அப்பறம் எல்லாரும் எறங்குவாங்க."

வேன் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஸ்டாப் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கத்திலேயே எனக்குப் போய்விட்டது. புடவை, பாவாடை, சீட்டு எல்லாம் நனைந்து, தரையில் ஓடி, முன் சீட்டுக்குக் கீழே போயிற்று. குழந்தை போயிடிச்சு என்று சொன்னேன். நாலு மாசப் பிள்ளை மேல், என் மகள் மேல், பழியைப் போட்டேன். மூத்தார் அப்போதுதான் திரும்பினார். தரையைப் பார்த்தார். "புள்ளைக்கு இவ்ளோவா?" என்றார்.

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவரும் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

தரங்கம்பாடியில் நான் கடலைப் பார்க்கவில்லை. வேனுக்குப் பின்னால் அக்கா ஒரு பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் மறைவில் புடவை மாற்றினேன். அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆறுதல் சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ, அவருக்கும் சிரிப்பு வந்துவிடும் என்று பயந்தாரோ தெரியாது. நான் கொசுவம் வைத்து முடிப்பதற்குள் விசில் அடித்துவிட்டது. இருந்த பன்னிரண்டு நிமிஷமும் எனக்கு அதிலேயே போயிற்று.

இத்தோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். விடவில்லை. எங்கள் குடும்பத்தில் தரங்கம்பாடி என்பது ஊரின் பெயராக இல்லாமல் போனது. எந்தக் குழந்தையாவது பாயை நனைத்தால், தரங்கம்பாடி ஆயிடிச்சா என்று கேட்பார்கள். வளைகாப்போ, காதுகுத்தோ, வண்டி ஏறுகிற நேரத்தில் மூத்தார் என்னைப் பார்த்து, எல்லாரும் போய்ட்டு வந்தாச்சா, அப்பறம் தரங்கம்பாடி ஆயிடப்போவுது என்பார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள்கூட மூன்று மாசத்தில் காரணத்தைத் தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். நானும் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிரிக்காவிட்டால் கோபக்காரி என்பார்களே என்று ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் போட்ட எந்தப் பயணத்துக்கும் நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

லீவு என்றதும் என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்கள் பொம்மை, ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை என்றுதான் நினைப்பார்கள். நான் வேலை பார்க்கிற யூனிட்டில் செய்வது கக்கூஸ் பேஷன். தரையில் பதிக்கிறதும் உண்டு, உட்காருகிற மாதிரி வெஸ்டர்னும் உண்டு. சூளையிலிருந்து ஆறி வந்த பேஷனை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துக் கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுகிற இடத்தில் இருக்கிறேன். முழுசாக இருந்தால் கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் சத்தம் அமுங்கிவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேஷன் என் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. எந்தெந்த ஊர்க்காரர்களோ உட்கார, நான் தட்டிப் பார்த்து அனுப்புகிறேன். எனக்கு ஒன்று வேண்டியிருந்த அன்றைக்கு ஒரு கருவேல மரத்து நிழலைக்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அது ஞாபகம் வரும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாதித் தட்டுக்காவது வரும்.

போன கோடையில் மூத்தாரின் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அப்பாவுக்குக் கடலோரமாக ஒரு தடவை போகவேண்டும் என்று ஆசை, முட்டி இன்னும் மோசமாவதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றாள். மூத்தாருக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரையில் கண் மங்கிவிட்டது, லிஸ்ட் எழுத முடியாது. இரண்டு முட்டியும் போய்விட்டன. இவற்றோடு அக்கா இன்னொன்றும் சொன்னார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறாராம். புரோஸ்டேட் வீங்கியிருக்கிறதாம். வந்தால் நிற்காதாம்.

கேட்டதும் எனக்குள் இனித்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், வெல்லம் தின்ற மாதிரி இனித்தது.

"ஸ்டாப்பெல்லாம் நான் போடறேன்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக வராதவள் இப்போது வருகிறேன் என்பதோடு நிறுத்தவில்லை, எங்கே நிற்பது என்றும் நானே போடுகிறேன் என்கிறேன். மூத்தாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரெக்டா போடும்மா, டைம் போட்டு எழுது என்றார். போடறேன் மாமா என்றேன். இப்போதெல்லாம் ஒன்றிரண்டு வார்த்தை நேரில் பேசிக்கொள்கிறோம்.

அந்த லிஸ்ட்டுக்கு நான் பட்ட பாட்டை மகள் கல்யாணத்துக்குக்கூடப் படுவேனா என்று சந்தேகம். முதலில் ஒரு சிக்கல் இருந்தது. ஆம்பளைகளுக்குக் கழிப்பறையே தேவையில்லை, கிழக்குக் கடற்கரை முழுக்க அவர்களுக்குக் கழிப்பறைதான். வண்டியை ஓரம் கட்டினால் ஆயிற்று. ஆனால் இவருக்கு முட்டி மடங்காது, ரோட்டோரச் சரிவில் நிற்க முடியாது. ஒரு தடவை சேத்தியாத்தோப்பு பக்கம் அப்படி நின்று சறுக்கி விழுந்து, ஒரு வாரம் படுத்திருந்தார். பிடித்துக்கொள்ளச் சுவரும் உட்கார வெஸ்டர்னும் வேண்டும். ஆக, வெஸ்டர்ன் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அங்கெல்லாம் நிற்காமல் போய்விடலாம்.

வேன் டிரைவர் எங்கள் யூனிட் கேட்டுக்கு எதிரில் இருக்கிற கடையில்தான் டீ குடிப்பார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பிடித்து உட்காரவைத்து, எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எது பூட்டியே கிடக்கும், எந்த ஹோட்டலில் படி உயரம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். அவர் அசந்துபோனார். பெரியவர் மேல எவ்ளோ அக்கற பாருங்க என்று டீக்கடைக்காரரிடமே சொன்னார். நோட்டில் இடது பக்கம் கழிப்பறை இருக்கிற இடங்களை எழுதினேன். வலது பக்கம் நாம் நிற்கப்போகிற இடங்கள். இடது பக்கத்தில் இருப்பது ஒன்றுகூட வலது பக்கம் வந்துவிடக் கூடாது. ஹோட்டலில் சாப்பிட்டால் கழிப்பறை இருக்கும், அதனால் இட்லியும் புளிசாதமும் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றேன். வேளாங்கண்ணியில் வசதி ஜாஸ்தி, அதனால் அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். நீளமான, ஒன்றும் இல்லாத ரோடு வருவதற்குக் கால் மணி முன்னால் இளநீர்க் கடை. அங்கே ஆளுக்கு ஒன்று என்று அடிக்கோடு வேறு போட்டேன்.

மொத்தமாகப் பார்த்தால் லிஸ்ட் அவ்வளவு அழகாக வந்திருந்தது. வெயில் ஏறாத நேரத்தில் பூம்புகார் கடற்கரை. தரங்கம்பாடிக் கோட்டைச் சுவருக்கு எதிரே அலை வந்து மோதுகிற இடம். காரைக்காலில் ஆறு போய்க் கடலில் விழுகிற முனை. நாகூர் தாண்டிப் படகுகளை ஏற்றி நிறுத்தியிருக்கிற கரை. கடைசியாகக் கோடியக்கரை. எல்லாம் ஆள் நடமாட்டம் உள்ள திறந்த வெளிகள். சித்தி எவ்ளோ ரசனையா போட்டிருக்காங்க என்று மூத்தாரின் மகள் அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள்.

விடியற்காலையில் கிளம்பினோம். பெண்கள் ஐந்து பேர்: நான், அக்கா, அக்காவின் மகள், அக்காவின் மருமகள், என் மகள். ஆண்களில் மூத்தார், என் வீட்டுக்காரர், மூத்தாரின் மருமகன். நான் டிரைவர் பக்கத்தில், லிஸ்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, முன் சீட்டில். அந்த சீட் அவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மேலே இருந்த கண்ணாடியில் மூத்தாரின் முகம் நேராகத் தெரிந்தது. ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். என்னம்மா, போய்ட்டு வந்துட்டியா, தரங்கம்பாடி வழியாதான் போறோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் மனசாரச் சிரித்தேன்.

பூம்புகாரில் இளநீர் குடித்தார். தரங்கம்பாடியில் இளநீரும் மோரும் குடித்தார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதோ நெளிவார், இதோ கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குள் ஒத்திகை வேறு. அடுத்த ஸ்டாப்புல பாத்துக்கலாம் மாமா. இது ஸ்டாப்பு இல்ல மாமா. எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவரோ கேட்கவே இல்லை. காரைக்காலில் அக்கா தன் இளநீரையும் அவரிடம் கொடுத்தார், அதையும் குடித்தார். பழைய டிரைவர்கள் கதை, டயர் வெடித்த கதை என்று பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார். பேஷனைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அவர் குரலைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கணீரென்று இருந்தது. எனக்கு எரிந்தது. நாகூருக்கு அப்புறம் லிஸ்ட்டில் இருந்த ஒரு ஸ்டாப்பையும், நேரமாகிவிட்டது என்று சொல்லி அடித்தேன். வேளாங்கண்ணியை வெளியே இருந்தே கும்பிட்டுவிட்டுத் தாண்டினோம். வேதாரண்யம் வந்தது, போயிற்று. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

வேதாரண்யத்துக்கு அப்பால் உப்பளம். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அங்கங்கே உப்புக் குவியல், ஒரு செடி கிடையாது. ஒரு ஆளை ஒரு மைல் தூரத்திலிருந்து பார்க்கலாம். நான் தேடித் தேடிப் போட்ட ரோடு அது. கண்ணாடியில் மூத்தார் கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருந்தார்.

அப்போது பின்னாலிருந்து அவர் மகள் எக்கி என் தோளைத் தொட்டாள். வண்டியை எங்கேயாவது நிறுத்த முடியுமா சித்தி, முடியவில்லை என்றாள். எனக்கு நெஞ்சு துள்ளியது.

"அப்பாவுக்கா?" என்றேன்.

"அம்மாவுக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல சித்தி, அவருக்குப் பேடு கட்டித்தான் கூட்டியாந்திருக்கோம்."

திரும்பிப் பார்த்தேன். அன்று முழுக்க நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா கடைசி சீட்டில் இருந்தார். நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே மூலை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. இரண்டு தொடையையும் ஒட்டிப் பிடித்து, முன் சீட்டுக் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள் உதட்டைக் கடித்தபடி இருந்தாள். என் மகள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள், அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஏன்டி இப்படி இருக்கிற என்று கேட்டேன். நேத்து சாயங்காலத்திலிருந்து தண்ணியே குடிக்கலம்மா, நம்ம வீட்டு டூரு எப்பிடின்னு தெரியாதா என்றாள். அக்காவும் குடிக்கவில்லையாம். காலையிலிருந்து அவர் கைக்கு வந்த இளநீர் எல்லாம் புருஷன் வயிற்றுக்குப் போயிருந்தது. ஒரு சொட்டுக் குடிக்காமலே அவருக்கு அந்தப் பாடு.

எனக்கு என் மேலேயே வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எத்தனை நாள் உட்கார்ந்து ஒரு ஆம்பளையின் மூத்திரப்பைக்குக் கண்ணி வைத்தேன். அவர் பேடு கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். ஐந்து பொம்பளைகள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி உட்கார்ந்திருக்கிறோம். என் பழியிலும் அவர்தான் முன் சீட்டில் இருந்தார். மற்ற யாரும் என் கண்ணில் படவே இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் அக்கா. "அடுத்த ஸ்டாப்பு வந்துடுமில்ல? நீ போட்ட லிஸ்ட்டு, கரெக்டாதான் இருக்கும்."

வண்டிய நிறுத்துங்க என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் சுற்றிலும் பார்த்து, இங்கேயா என்றார். இங்கதான் என்றேன். வேன் உப்பளத்து ஓரமாக நின்றது. மூத்தார் கண்ணைத் திறந்தார். பாதித் தூக்கத்திலும் டைம் கீப்பர் முழித்துக்கொண்டுவிட்டார்.

"இது ஸ்டாப்பு இல்லியே. லிஸ்ட்டுல கோடியக்கர தான போட்டிருக்க? பத்து நிமிஷத்துல வந்துடும், போலாம் போலாம்."

நான் இறங்கிப் போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க மாமா," என்றேன்.

எதுக்கு என்றார். பெட்ஷீட்டு புடிக்கணும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், நானா என்றார். மருமகன் பதறி, நான் பிடிக்கிறேன் சித்தி, மாமாவுக்கு முட்டி வலிக்கும் என்று எழுந்தார். வேண்டாம், நீங்க உக்காருங்க, ஒங்க மாமனார்தான் புடிப்பாரு என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முனை நீங்க என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஜன்னலை விட்டுவிட்டு எழுந்தார்.

வேனின் பின் மூலையில் மூத்தாரைச் சாய்ந்து நிற்கவைத்தேன். பெட்ஷீட்டின் ஒரு முனை அவர் கையில், இன்னொரு முனை தம்பி கையில். இரண்டு பேர் முகமும் ரோட்டைப் பார்க்க வேண்டும், திரும்பக் கூடாது என்றேன். அக்காவைத் தாங்கிப் பிடித்து முதலில் மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவர் ஏன் பேசவில்லை என்று எனக்கு இப்போதும் தெரியாது. நான் பேசாததற்குக் காரணம், அவர் கஷ்டம் என் கையெழுத்தில் இருந்தது.

அடுத்து மருமகள். அடுத்து அக்காவின் மகள். அப்போது கோடியக்கரையிலிருந்து ஒரு பஸ் வந்தது. அரசு பஸ். பெட்ஷீட்டைப் பிடித்து நிற்கிற இரண்டு பெரியவர்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. படியில் நின்றிருந்த கண்டக்டர் விஷயம் புரிந்து சிரித்துவிட்டு, கேலியாக ஒரு விசில் அடித்துவிட்டுப் போனார். மூத்தார் தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் தோன்றவில்லை.

என் மகள் போய்விட்டு வந்தாள். வேனுக்குள் ஏறியதும் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள். எல்லோருக்கும் ஆகிவிட்டது. வெயில் கொளுத்தியது. போலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நான் இன்னும் போவல," என்றேன்.

பெட்ஷீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எதிரே பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. தூரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது கடலாக இருக்கலாம். காற்று நன்றாக அடித்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த முனையில் மூத்தார் தம்பியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தம்பி இந்த முனையிலிருந்து, திரும்பாமல், என்னிடம் சொன்னார்.

"ஆச்சான்னு அண்ணன் கேக்குறாரு."

"பொறுத்துக்கச் சொல்லுங்க," என்றேன்.

அதை அவர் அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என் காதில் விழுந்தது. எனக்கு வரவில்லை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து நானும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை. இருந்தாலும் உட்கார்ந்தே இருந்தேன்.